தலை மட்டும் ஆடவில்லை

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: “காட்டுத் தரையில் ஒரு குண்டுப் பறவை, காலை வைக்கலாமா வேண்டாமா என்று தயங்குவதுபோல முன்னும் பின்னும் ஆடி ஆடி நடக்கும் காணொளியைப் பார்த்தேன். யாரோ அதற்குப் பறை அடியைச் சேர்த்திருந்தார்கள். அடிக்கு அடி பொருந்துகிறது. மண்ணை மிதித்து மண்புழுவை வெளியே வரவழைக்கத்தான் இப்படி நடக்கிறது என்று கீழே எழுதியிருந்தது. உண்மையா? போன மாதம் மாலையில் பாகூர் ஏரிக்கரைச் சேற்றில் இதேபோல் ஆடிய பறவையைப் பார்த்தேன். நீண்ட மூக்கு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். இரண்டும் ஒன்றா?”

பின்னதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இரண்டும் ஒன்றல்ல. காணொளியில் இருப்பது அமெரிக்க வுட்காக். வட அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் ஈரமான இளங்காடுகளில் வாழும் பறவை. பாகூருக்கு வழி தவறிக்கூட வராது. நீங்கள் பார்த்தது மயில் உள்ளான். அதற்குப் பிறகு வருகிறேன்.

புழுவுக்காகத்தான் ஆடுகிறதா என்பது நல்ல கேள்வி. இணையத்தில் எங்கே தேடினாலும் அந்த ஒரே விடைதான் கிடைக்கும். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் அந்தப் பறவையின் உடம்பிலிருந்து தொடங்க வேண்டும்.

வுட்காக் உள்ளான் குடும்பம். உள்ளான் என்றதும் நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு அறுவடை முடிந்த ஈர வயலில் காலடியிலிருந்து சட்டென்று கிளம்பி, நேராகப் போகாமல் வளைந்து வளைந்து பறந்து மறையும் பறவை நினைவுக்கு வரும். அந்தக் குடும்பத்தில் திறந்த சேற்றை விட்டுக் காட்டுக்குள் குடியேறிய கிளை இது. கவுதாரியைவிட எடை குறைவு. 140 முதல் 230 கிராம் வரை இருக்கும், பெண் பறவை பெரியது. கழுத்து எங்கே என்று தேட வேண்டிய உடல், ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் நீளும் அலகு, காய்ந்த சருகுகளை அடுக்கி ஒட்டியதுபோன்ற இறகுகள். அசையாமல் உட்கார்ந்துவிட்டால் பக்கத்தில் போய் நின்றாலும் கண்ணுக்குப் படாது.

அதன் முகத்தை ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். ஏதோ தப்பாகப் பொருத்தியது போலத் தோன்றும். கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. மேலேயும் பின்னாலும் தள்ளிப் போய், ஏறக்குறைய உச்சந்தலையில் உட்கார்ந்திருக்கின்றன. காது கண்ணுக்குப் பின்னால் இல்லாமல், கண்ணுக்கும் அலகின் அடிக்கும் நடுவே இருக்கிறது. கண் பின்னே போனதில் மூளையும் இடம் பெயர்ந்துவிட்டது. மற்றப் பறவைகளுக்குப் பின்பக்கம் இருக்கும் சிறுமூளை இதற்குக் கீழ்ப்பக்கம் திரும்பியிருக்கிறது. இவ்வளவு இடமாற்றமும் ஒரே காரியத்துக்காக. அலகு முழுவதும் மண்ணுக்குள் இருக்கும்போதும் பின்னால் வரும் நரியும் மேலே வட்டமிடும் பருந்தும் தெரிய வேண்டும். இதன் ஐரோப்பியச் சகோதரியின் பார்வைப் புலத்தை அளந்தபோது, தலையைத் திருப்பாமலேயே சுற்றிலும் 360 பாகையும் அதற்குத் தெரிகிறது என்று கண்டார்கள். முதுகுக்குப் பின்னால் யாரும் ஒளிந்து வர முடியாத பறவை. இந்த ஒரு செய்தியை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்படிப்பட்ட கண்ணுக்கு ஒரு விலை உண்டு. இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கும் பகுதி மிகக் குறுகிவிடுகிறது. தன் அலகின் நுனியில் என்ன இருக்கிறது என்பதை அது சரியாகப் பார்க்க முடியாது. அந்த வேலையை அலகு எடுத்துக்கொண்டிருக்கிறது. நுனி முழுவதும் நுண்ணிய குழிகள், அவற்றுக்குள் அழுத்தத்தையும் அதிர்வையும் உணரும் நரம்பு முனைகள். இருட்டில் கொத்துச் சாவியில் வீட்டுச் சாவியை விரலால் தடவிக் கண்டுபிடிப்பதில்லையா, அதுபோல மண்ணுக்குள் புழுவைத் தொட்டு அறிகிறது. மேல் அலகின் நுனியை மட்டும் தனியாக வளைத்துத் திறக்கவும் முடியும். அலகை முழுதாகத் திறக்க மண்ணுக்குள் இடம் ஏது? நுனி மட்டும் இடுக்கிபோல் விரிந்து புழுவைக் கவ்வும்.

இரையில் பெரும்பங்கு மண்புழுதான். நம் பக்கம் பையன்கள் தூண்டிலில் கோக்க வாய்க்கால் ஓரத்து ஈர மண்ணைக் கொத்திக் கொட்டாங்கச்சியில் சேர்ப்பார்களே, அந்த நாக்குப்பூச்சிக்கு உறவுக்காரப் புழுக்கள்.

சரி, இனி அந்த நடை.

காணொளியை மறுபடி ஓடவிட்டு, இந்த முறை காலைப் பார்க்காமல் தலையைப் பாருங்கள். உடல் ஊஞ்சல்போல் முன்னும் பின்னும் போய் வருகிறது. முழங்கால் மடங்கி நிமிர்கிறது. முன்னே நீட்டிய பாதம் மண்ணைத் தொட்டு, கொஞ்சம் அழுத்தி, ஒருவழியாக ஊன்றுகிறது. தலையோ அந்தரத்தில் ஆணி அடித்து மாட்டியதுபோல ஓரிடத்திலேயே நிற்கிறது. உடல் முன்னே போய்த் தலையை எட்டிப் பிடித்த பிறகுதான் தலை அடுத்த இடத்துக்குப் போகிறது. தலை ஆடவில்லை. ஆடுவது மற்றதெல்லாம்.

இதற்கு ஒரு சின்னச் சோதனை உங்கள் வீட்டிலேயே செய்யலாம், கோழி இருந்தால். கோழியை இரண்டு கையாலும் மென்மையாகப் பிடித்து மேலும் கீழும், இடமும் வலமும் நகர்த்துங்கள். உடல் வரும்; தலை வராது. பறவைகளின் கண்மணி நம்முடையதுபோல் தாராளமாக உருளாது. ஆகவே காட்சி கலங்காமல் இருக்க, கண் செய்யாததைக் கழுத்து செய்கிறது. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் பொரி கொத்தும் புறாக்கள் தலையை வெட்டி வெட்டி நடப்பதும் இதனால்தான். 1978இல் ஃபிராஸ்ட் என்ற ஆய்வாளர் புறாக்களை ஓடும் பட்டையின் மேல் நடக்கவிட்டார். கால் நடந்தது, சுற்றுப்புறம் நகரவில்லை. புறாக்கள் தலையாட்டுவதை நிறுத்திவிட்டன. நடையின் தாளத்துக்காகப் புறா தலையாட்டவில்லை, காட்சியை நிறுத்தி வைக்கத்தான் ஆட்டுகிறது என்பது அதில் தெளிவானது.

ஆகவே வுட்காக்கின் தலை அசையாததில் அதிசயம் இல்லை. அது பல பறவைகளுக்கும் பொதுவான பழக்கம். உடலை ஏன் ஆட்டுகிறது என்பதுதான் கேள்வி. நடப்பதற்கு இந்த ஆட்டம் தேவையே இல்லை. அதே பறவை அவசரம் வந்தால் ஆடாமல் விறுவிறுவென்று நடந்து போகும்.

புழு விடைக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது முட்டாள்தனமான ஊகம் அல்ல. மண் அதிர்ந்தால் சில வகை மண்புழுக்கள் மேலே ஓடி வரும் என்பது உண்மை. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் சாப்சாப்பி என்ற ஊரில் இதையே தொழிலாகச் செய்கிறார்கள்: மரக்கட்டை ஒன்றை மண்ணில் அடித்து, அதன் தலையில் இரும்புப் பட்டையை இழுத்துத் தேய்க்கிறார்கள். உறுமல்போல் ஓர் ஒலி எழும். சுற்றிலும் புழுக்கள் வெளியே வரும். பொறுக்கித் தூண்டில்காரர்களுக்கு விற்பார்கள். புழு ஏன் வருகிறது என்பதை 2008இல் கென்னத் கட்டானியா என்ற உயிரியலாளர் ஆராய்ந்தார். அங்கே மண்ணுக்குள் வளை தோண்டிப் புழு தின்னும் அகழெலி ஒன்று உண்டு. அது தோண்டும்போது எழும் அதிர்வும் அந்தக் கட்டை எழுப்பும் அதிர்வும் ஒத்தவை. அகழெலி வருகிறது என்று நினைத்துப் புழு உயிர் பிழைக்க மேலே ஓடுகிறது, மேலே காத்திருப்பவன் கையில் விழுகிறது. தரையை அடித்தால் அகழெலி துரத்துவதாகப் புழு நம்பும் என்ற கருத்தை டார்வினே 1881இல் மண்புழு பற்றிய தன் நூலில் குறித்திருக்கிறார். வட அமெரிக்கக் காட்டு ஆமை ஒன்று முன்காலை மாற்றி மாற்றித் தரையில் தட்டி இதே வித்தையைச் செய்கிறது. புல்தரையில் கடற்காகங்கள் காலால் தாளம் போடுவதும் இதற்காகவே.

நம் ஊரிலும் காலால் இரை கிளப்பும் பறவைகள் இருக்கின்றன. சின்ன வெள்ளைக் கொக்கைப் பிச்சாவரத்தில் நீர் வற்றிய நேரத்தில் பாருங்கள். கறுப்புக் கால், அதன் முனையில் மட்டும் மஞ்சள் சாயத்தில் முக்கியதுபோலப் பாதம். ஒரு காலை முன்னே நீட்டிச் சேற்றுக்குள் கிடுகிடுவென்று நடுக்கும். கலங்கிய நீரிலிருந்து குட்டி மீனோ இறாலோ துள்ளியதும் கொத்தும். ஏரிக்கரையில் ஓடித் திரியும் உப்புக்கொத்திகளும் ஈரத் தரையில் ஒரு காலை நிறுத்தி மற்றக் காலை நடுக்கும். ஆள்காட்டியும் செய்யும்.

இவற்றைப் பார்த்துப் பழகியவனுக்கு வுட்காக்கின் மேல் சந்தேகம் வருவது இயல்பு. இரைக்காக மிதிக்கிற பறவை நின்ற இடத்தில் மிதிக்கும், மிதித்த இடத்தையே பார்க்கும், உடனே கொத்தும். கொக்கு காலை நடுக்கிவிட்டு வேறெங்கோ பார்ப்பதில்லை. வுட்காக் ஆடுகிறது, ஓர் அடி வைக்கிறது, மறுபடி ஆடுகிறது, மறுபடி ஓர் அடி. பல காணொளிகளில் பத்து அடி நடந்தும் ஒருமுறைகூட அலகை மண்ணில் குத்துவதில்லை. இன்னும் மோசம், அது தார்ச்சாலையைக் கடக்கும்போதும் அப்படியே ஆடுகிறது. தாய் முன்னே, குஞ்சுகள் பின்னே, எல்லாம் ஒரே தாளத்தில். தார்ச்சாலைக்கு அடியிலிருந்து எந்தப் புழு வரப்போகிறது?

இந்த இடத்தில்தான் பெர்ண்ட் ஹைன்ரிக் என்ற மூத்த உயிரியலாளர் 2016இல் எழுதிய சிறு குறிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. இரை தேட வாய்ப்பில்லாத இடங்களிலும் பறவை ஆடுவதைச் சுட்டிக்காட்டி, இது புழுவுக்குச் சொல்லும் செய்தி அல்ல, எதிரிக்குச் சொல்லும் செய்தி என்கிறார். “உன்னைப் பார்த்துவிட்டேன், நீ பாய்ந்தால் நான் பறந்துவிடுவேன், வீணாக முயலாதே.” பார்த்துவிட்ட இரையைத் துரத்துவதில் நரிக்கும் லாபம் இல்லை, துரத்தப்படாமல் இருப்பதில் பறவைக்கும் லாபம். இரண்டு தரப்புக்கும் மிச்சம் ஆற்றல். சுற்றிலும் தெரியும் கண் கொண்ட பறவை என்று முன்பு சொன்னேன் அல்லவா? பார்த்துவிட்டேன் என்று சொல்லும் தகுதி அதற்குத்தான் முழுமையாக இருக்கிறது.

கேட்க விசித்திரமாக இருந்தால், கோடியக்கரைக்குப் போய் வெளிமானைப் பாருங்கள். ஆபத்து தெரிந்ததும் நேராக ஓடாமல் நாலு காலும் தரையை விட்டு எழும்பத் துள்ளும். தப்பிக்க வேண்டியவன் ஏன் துள்ளுகிறான்? “என் காலில் எவ்வளவு பலம் பார்” என்று காட்டுவதற்கு என்பது பலர் ஏற்கும் விளக்கம். அவ்வளவு தூரம் போக வேண்டாம், ஊசுட்டேரி போதும். நீலத் தாழைக்கோழி ஆம்பல் இலைமேல் நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் வாலைச் சிலுப்பும். வாலடியில் இருக்கும் வெள்ளை பளிச்சென்று தெரியும். ஆள் நெருங்க நெருங்கச் சிலுப்பல் கூடும். 1980இல் வெளியான ஓர் ஆய்வு இதை எடுத்துக்கொண்டு, கூட்டாளிகளை எச்சரிப்பதைவிடத் துரத்துபவனை நிறுத்தவே இது பயன்படுகிறது என்று வாதிட்டது. நம் வாசலில் ஓடும் வாலாட்டிக் குருவியின் உறவான வெண்ணிற வாலாட்டியை வைத்துச் செய்த ஆய்விலும், வாலாட்டல் விழிப்போடு சேர்ந்தே வருகிறது என்று தெரிந்தது. வாலாட்டிக்கும் தாழைக்கோழிக்கும் வுட்காக்குக்கும் இரத்த உறவு எதுவும் இல்லை. தனித்தனியாக ஒரே பழக்கத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன என்றால் அதற்குப் பொதுவான ஒரு தேவை இருக்க வேண்டும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, நானே பலமுறை எனக்குள் சொல்லிக்கொண்டது. சருகுபோல் இறகு வைத்துக்கொண்டு ஒளிந்திருக்கிற பறவை, தன் இருப்பைத் தானே தம்பட்டம் அடிக்குமா? சிலர் இதையே திருப்பிப்போட்டு, ஆட்டமும் ஒளிவுதான் என்கிறார்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் பச்சோந்தி கிளையில் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்: ஓர் அடி முன்னே, அரை அடி பின்னே, காற்றில் ஆடும் இலைபோல. அழகான ஒப்பீடு, ஆனால் வுட்காக்குக்குப் பொருந்தவில்லை. பச்சோந்தி ஆடும் இலைகளுக்கு நடுவே ஆடுகிறது. தரையில் கிடக்கும் சருகு ஆடாது. வுட்காக் ஒளிய வேண்டும் என்று முடிவு செய்தால் அசையாமல் உட்கார்ந்துவிடும். மிதிபடும் வரை எழுந்திருக்காது. ஆடும்போது அது ஒளியவில்லை. திறந்த இடத்தில், ஏற்கெனவே கண்ணில் பட்டுவிட்ட பறவைதான் ஆடுகிறது. ஒளிவு உடைந்த பிறகு மிச்சம் இருக்கும் ஒரே ஆயுதம், “பார்த்துவிட்டேன்” என்று சொல்வது.

இன்னொன்று, இதை வேறு யாரும் அழுத்திச் சொல்லி நான் கேட்டதில்லை. காணொளி என்று ஒன்று இருந்தாலே அங்கே ஓர் ஆள் இருக்கிறார்: எடுப்பவர். நியூயார்க் நகரத்து பிரையண்ட் பூங்காவில் வலசைக் காலத்தில் வுட்காக் இறங்கினால் அதைச் சுற்றிக் கூட்டமே நிற்கிறது. அந்தப் பறவையின் உச்சந்தலைக் கண்ணுக்கு அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தெரிவார்கள். நாம் பார்த்த ஆட்டத்தில் பெரும்பகுதி பார்க்கப்படும் பறவையின் ஆட்டம். யாரும் இல்லாத காட்டில் அது எவ்வளவு ஆடும் என்பதற்குப் பறை அடி சேர்த்த காணொளி சாட்சி சொல்லாது.

இரைக்காக அது ஒருபோதும் மிதிப்பதே இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். இரை தேடும் இடத்திலும் ஆடத்தான் செய்கிறது. அந்தப் பாத அழுத்தத்தில் ஒரு புழு நெளிந்து காதுக்கோ அலகுக்கோ தன்னைக் காட்டிக்கொடுத்தால் பறவை வேண்டாம் என்றா சொல்லும்? ஆனால் அது ஊதியத்தோடு வரும் போனஸ். வேலைக்குச் சேர்ந்த காரணம் வேறு என்பது என் கட்சி.

இனி உங்கள் பாகூர்ப் பறவை.

மயில் உள்ளானுக்குப் பெயரில் உள்ளான் இருந்தாலும் அது உள்ளான் குடும்பம் அல்ல. தாமரை இலையில் நடக்கும் இலைக்கோழிகளுக்கு நெருக்கம். அழகு முழுவதும் பெண்ணுக்கு. கழுத்தும் மார்பும் செம்மண் நிறம், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், தோளில் வெள்ளைப் பட்டை. ஆண் மங்கல், உடலும் சிறியது. கண் வளையம் சற்று மஞ்சள் கலந்திருக்கும். முட்டையிட்டதும் பெண் அடுத்த துணையைத் தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆணின் பாடு. நீங்கள் வெள்ளை வளையம் என்று சொல்வதால் பெண்ணைப் பார்த்திருக்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி மாலையில் அதே ஏரியின் கரையில், மதகுக்குப் பக்கத்தில் கோரைக்குப் பின்னால் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கொசுக்கடி பற்றிப் பேசப்போவதில்லை. வெயில் இறங்கிய பிறகு ஒரு மயில் உள்ளான் கோரை விளிம்பிலிருந்து வெளியே வந்தது. முதலில் அலகு, பிறகு வளையக் கண், பிறகு நெடுநேரம் எதுவும் இல்லை. அப்புறம் நாலடி எடுத்து வைத்துச் சேற்றில் அலகை இடமும் வலமும் வீசி ஏதோ பொறுக்கியது. அந்த நேரத்தில் பின்பாகம் இலேசாக ஏறி இறங்கியது, தையல் இயந்திரத்தின் மிதி மெல்ல அசைவதுபோல. கரைமேல் ஓர் எருமை மேய்ந்தபடி வந்தது. பறவை நிமிர்ந்தது. பின்பாகத்தின் ஏற்றஇறக்கம் இரண்டு மடங்கானது. தலை மட்டும் எருமையின் பக்கம் திருப்பிய நிலையில் அப்படியே நின்றது. எருமை போன பிறகு ஆட்டம் தணிந்தது. அடுத்து ஏரிக்குமேல் ஒரு பூனைப்பருந்து தாழப் பறந்து வந்தது. இப்போது ஆட்டம் சுத்தமாக நின்றுவிட்டது. பறவை சேற்றோடு சேறாகப் படிந்தது; இடம் தெரிந்தும் எனக்கு அதைத் திரும்பக் கண்டுபிடிக்கச் சற்று நேரமானது.

ஒரு மாலை, ஒரு பறவை. இதை வைத்து யாரும் முடிவு எழுத முடியாது. ஆனால் நடந்து வருபவனுக்கு ஒரு பதில், பறந்து வருபவனுக்கு வேறு பதில் என்று அது பிரித்து வைத்திருந்ததாகவே எனக்குப் பட்டது. தரையில் வருபவனிடம் பேசலாம். பறந்தால் தப்பிவிடலாம் என்ற பலம் கையில் இருக்கிறது. பருந்திடம் அந்தப் பேச்சு எடுபடாது.

காட்டுப் பறவை என்றல்லவா தொடங்கினீர்கள். நம் பக்கத்துக் காட்டுத் தரையில் இரை தேடும் ஒரு பறவையைச் சொல்லாமல் விட்டால் குறையாகிவிடும். புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிப் புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு இருக்கிறது. காயாவும் வீரையும் அடர்ந்து, நடுப்பகலிலும் தரை நிழலாக இருக்கும் கோயில் காடு. ஐப்பசி பிறந்ததும் இதுபோன்ற காடுகளுக்கும் ஆரோவில்லின் வளர்ந்த தோப்புகளுக்கும் ஆறுமணிக் குருவி வந்துவிடும். தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே இறங்கும் பறவை. காலையும் மாலையும் ஏறக்குறைய ஆறு மணிக்கு இரண்டு சுரத்தில் விசிலடிப்பதால் அந்தப் பெயர். இரவில் வலசை வருவதால் அக்டோபரில் சில நேரம் களைத்துப்போய் வீட்டுக் கண்ணாடியில் மோதி விழும். அப்படிக் கிடைத்தால் நீர் புகட்டி, புகைப்படம் எடுத்து, பிள்ளைகளுக்கெல்லாம் காட்டிப் பாடுபடுத்த வேண்டாம். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக, அமைதியாக வைத்து, தெளிந்ததும் மரங்களுக்குப் பக்கத்தில் விட்டால் போதும்.

அது வுட்காக்போல் அடி எடுத்து வைப்பதில்லை, தத்தும். மூன்று தத்து, ஒரு நிறுத்தம். நிமிர்ந்து நிற்கும்போது குட்டை வால் மெதுவாக மேலும் கீழும் போகும், வாலடியில் குங்குமச் சிவப்பு தெரிந்து மறையும். பிறகு தலையைச் சாய்த்து ஒரு சருகைப் பார்க்கும். அலகால் அதன் விளிம்பைப் பிடித்து ஓரமாக எறியும், வேண்டாத கடிதத்தைத் தள்ளுவதுபோல. அடியில் ஒரு வண்டோ புழுவோ இருந்தால் எடுக்கும். இல்லாவிட்டால் அடுத்த சருகு. ஒருமுறை என் காலிலிருந்து ஐந்தடி தூரத்தில் ஒரே இடத்தில் பதினோரு சருகுகளை எறிந்ததை எண்ணினேன். மூன்றின் அடியில் இரை இருந்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆறுமணிக் குருவிக்கு முன்பார்வை இருக்கிறது, ஆகவே மூடியைத் திறந்து பார்க்கிறது. வுட்காக்குக்கு அலகு நுனியில் விரல் இருக்கிறது, ஆகவே மூடியைத் திறக்காமலே துழாவுகிறது. சருகைப் புரட்டும் பறவை குனிந்து பார்க்கும் நேரத்தில் முதுகுப்பக்கம் பாதுகாப்பில்லை; அதனால்தான் மூன்று தத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து நிற்க வேண்டியிருக்கிறது. துழாவும் பறவைக்கு அந்தக் கவலை குறைவு. தலை மண்ணில் இருக்கும்போதே கண் வானத்தில் இருக்கிறது.

வுட்காக் சாதியைத் தமிழ்நாட்டிலேயே பார்க்க வேண்டும் என்றால் வழி உண்டு. ஐரோப்பிய ஆசிய இனம் இமயத்தில் குஞ்சு பொரித்துக் குளிர்காலத்தில் நீலகிரி வரை வரும். சோலைக்காட்டின் விளிம்பில், ஈரமான ஓடைக்கரையில், பொழுது சாயும் நேரத்தில் காத்திருக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்குக் காலடியிலிருந்து சிறகடித்துப் போகும் பழுப்பு முதுகு மட்டுமே கிடைக்கும். அதுவும் தலையை நிறுத்தி உடலை ஆட்டி நடக்கும் பறவைதான்.

அதற்கு முன் பாகூருக்கு இன்னொரு மாலை போங்கள். இந்த முறை கரைமேல் நிற்காதீர்கள். வெயில் இருக்கும்போதே போய்க் கோரைக்குப் பின்னால் உட்கார்ந்து, பறவை உங்களைப் பார்க்காதபோது நிமிடத்துக்கு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு மெதுவாக எழுந்து நின்று மறுபடி எண்ணுங்கள். இரண்டு எண்களையும் எழுதி அனுப்பினால், என் கட்சி தோற்றாலும் பரவாயில்லை, எனக்கு அவை வேண்டும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள். அந்த மதகடியின் கொசு யாரையும் விட்டுவைப்பதில்லை.